1986 பஜாஜ் சேத்தக்கில் பொருள் வைக்கும் பெட்டி: எங்கே, எப்படிப் பொருத்துவது?

குடந்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1986இல் வாங்கிய பஜாஜ் சேத்தக் வண்டியை இப்போது நான் ஓட்டி வருகிறேன். முன்பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய வண்டி என்பதால், அதன் உடற்கட்டில் ஒரு கீறல்கூட விழாதபடி அவர் பார்த்துக்கொண்டார். எஞ்சினில் குறை ஏதும் இல்லை. கியர் கேபிள்களும் கிளட்ச் கேபிளும் அண்மையில்தான் புதிதாக மாற்றப்பட்டன. கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர்ப் பக்கம் உள்ள பள்ளிக்கு நாள்தோறும் இதிலேயே சென்று வருகிறேன்.

எனக்குள்ள ஒரே இடர்ப்பாடு, பொருள்களை வைக்க இடமில்லை என்பதுதான். இடப்புறக் கவசத்தில் உள்ள பூட்டும் பெட்டி, ஸ்பேனர்கள், மாற்று ஸ்பார்க் பிளக், பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் புட்டி, துடைக்கும் துணி ஆகியவற்றாலேயே நிறைந்துவிடுகிறது. மதிய உணவுப் பாத்திரம், தண்ணீர்ப் புட்டி, மழைக்கோட்டு, கைப்பை, திருத்துவதற்காக வீட்டுக்கு எடுத்து வரும் மாணவர் நோட்டுகள் ஆகிய அனைத்தையும் சீட்டுக்குக் கீழுள்ள கொக்கியில் பையாக மாட்டிக்கொண்டு வருகிறேன். வளைவுகளில் பை ஆடி முழங்காலில் இடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நோட்டுகள் நனைந்துவிடுகின்றன. பிள்ளைகள் எழுதியதை நனைத்துத் திருப்பித் தருவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. ஒரு வகுப்பின் 40 நோட்டுகள் ஏறத்தாழ 6 கிலோ எடை வரும்.

எங்கள் ஊரில் மூன்று வகையான யோசனைகள் சொல்கிறார்கள். கால்களுக்கு முன்னே நிற்கும் தகடான லெக் ஷீல்டுக்குப் பின்னால், ஓட்டுபவரின் முழங்காலுக்கு எதிரே ஒரு பெட்டி வைக்கலாம் என்பது முதலாவது. பின்புறம் கேரியர் அடித்து அதன்மேல் பெரிய பெட்டி வைக்கலாம் என்பது இரண்டாவது. ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டி வைக்கலாம் என்பது மூன்றாவது. ஒரு பட்டறையில், லெக் ஷீல்டிலேயே பெட்டியை நேரடியாகப் பற்றவைத்துவிட்டால் ஆயுளுக்கும் அசையாது என்றார்கள். என் தந்தையார் அதற்குச் சிறிதும் இசையவில்லை. துளை போடுவதற்கே தயங்குகிறார். வண்டியின் நிலைத்தன்மையும் கெடாமல், உடற்கட்டும் கெடாமல் இதைச் செய்ய வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை மெக்கானிக் எழுதியது:

சகோதரி அவர்களுக்கு வணக்கம். பெட்டியின் வடிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எடையை எங்கே ஏற்றுகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். வெஸ்பா வழி வந்த எல்லா ஸ்கூட்டர்களையும் போலவே சேத்தக்கிலும் எஞ்சின் வலப்புறத்தில் தொங்குகிறது. பின்சக்கரம் எஞ்சினோடு நேராக இணைந்திருக்கிறது. வண்டி இயல்பாகவே வலப்பக்கம் கனமானது. ஆகவே கூடுதல் எடை நடுவில் இருக்க வேண்டும், அல்லது சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எந்த நிலையிலும் வலப்பக்கம் கூடக் கூடாது.

பின்புறக் கேரியரை நான் பரிந்துரைக்க மாட்டேன். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 120 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கர அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் 10 கிலோ எடையை ஏற்றினால், பின்சக்கரத்தின்மேல் 13 கிலோவுக்கு மேல் சுமை கூடுகிறது. முன்சக்கரத்தின்மேல் இருக்கும் சுமையில் 3 கிலோவுக்கு மேல் குறைகிறது. ஓட்டுபவரின் எடையிலும் பெரும்பகுதி பின்சக்கரத்தின்மேல்தான் ஏற்கனவே விழுகிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து, அவருக்கும் பின்னால் ஒரு பெட்டியும் நிறைந்திருந்தால், முன்சக்கரம் சாலையைத் தொட்டும் தொடாமலும் போகும். கைப்பிடியில் மெல்லிய ஆட்டம் தொடங்கும். பத்து அங்குலச் சக்கரம் உள்ள வண்டியில் இந்த ஆட்டம் பெரிய சக்கர வண்டிகளைவிட விரைவாகத் தலைகாட்டும். மேலும், பெட்டி உயரமாக இருந்தால் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதும் இறக்குவதும் கடினமாகிவிடும்.

ஸ்டெப்னியைக் கழற்றும் யோசனையை உடனே கைவிடுங்கள். சேத்தக்கின் முன்சக்கரம், பின்சக்கரம், ஸ்டெப்னி மூன்றும் 3.50-10 என்ற ஒரே அளவுதான். எது பஞ்சரானாலும் நான்கைந்து நட்டுகளைக் கழற்றி மாற்றிவிட்டு வீடு போய்ச் சேரலாம். இந்த வசதி இன்றைய வண்டிகள் பலவற்றில் இல்லை. தனியாகப் பயணம் செய்பவருக்கு அது எந்தப் பெட்டியைவிடவும் பெரிய துணை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலர் சீட்டைத் தூக்கிப் பெட்ரோல் டேங்கைச் சுற்றியும் உடற்கட்டின் உட்குழிவிலும் துணி, பாலித்தீன் பை, மழைக்கோட்டு முதலியவற்றைத் திணித்து வைக்கிறார்கள். கார்புரேட்டருக்குச் செல்லும் காற்று அந்த உட்குழிவிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாகத்தான் இழுக்கப்படுகிறது. அங்கே ஒரு பாலித்தீன் பை நகர்ந்து வாயை அடைத்துக்கொண்டால் வண்டி புகையைக் கக்கும், பிளக் கருகும், இழுவை போய்விடும். காரணம் தெரியாமல் கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தைச் சேமிப்பிடமாக நினைக்கவே வேண்டாம்.

எனவே என் கருத்து இதுதான்: எடை குறைந்த பொருள்களுக்கு லெக் ஷீல்டுக்குப் பின்னால் ஆழம் குறைந்த பெட்டி, எடை மிகுந்த நோட்டுகளுக்குக் கால் வைக்கும் தளமான ஃபுட்போர்டின்மேல், கழற்றி எடுக்கக்கூடிய தாழ்வான பெட்டி. வண்டியிலேயே மிகத் தாழ்வான இடமும், இரண்டு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட இடமும் ஃபுட்போர்டுதான். கேஸ் சிலிண்டரைக்கூட அங்கே வைத்து ஓட்டிய தலைமுறை நம்முடையது. அது பாதுகாப்பான பழக்கம் அல்ல என்றாலும், எடைக்கு உகந்த இடம் அதுவே என்பதை அந்த நாள் மக்கள் அறிந்திருந்தார்கள். வலக்காலின் பிரேக் மிதி முழு அளவும் அழுந்துவதற்கு மட்டும் பெட்டி தடையாக இருக்கக் கூடாது.

புதுப்பேட்டை வாசகன் எழுதியது:

மெக்கானிக் ஐயா எடையைப் பற்றிச் சொன்ன அனைத்தோடும் உடன்படுகிறேன். நான் உடற்கட்டைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன். பழைய ஸ்கூட்டர்களை மீட்டெடுப்பதில் எனக்கு நீண்ட கால ஈடுபாடு உண்டு.

சேத்தக்குக்குத் தனியான சட்டகம் கிடையாது. இத்தாலிய வெஸ்பா ஸ்பிரிண்ட் வண்டியின் அமைப்பைப் பின்பற்றி, அழுத்தி வடிவமைத்த இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து உருவாக்கிய கூடே அதன் உடலும் எலும்பும் ஆகும். லெக் ஷீல்டு என்பது வெறும் சேறு தடுக்கும் தட்டு அல்ல. அது ஃபுட்போர்டோடும், கைப்பிடியின் தண்டைத் தாங்கும் நடுத்தண்டோடும் சேர்ந்து வண்டியின் முன்பகுதிக்கு விறைப்பைத் தருகிறது. அதில் பெட்டியைப் பற்றவைத்தால், முதலில் வெப்பத்தால் தகடு நெளியும். அடுத்து, பற்றவைத்த இடத்தின் பின்புறப் பெயிண்ட் கருகி, கண்ணுக்குத் தெரியாத மூலையில் துரு தொடங்கும். சில ஆண்டுகளில் பற்றின் ஓரமாகவே வெடிப்பு ஓடும். தந்தையார் மறுத்தது முற்றிலும் சரி.

வேறு வேலைக்காகப் பின்பகுதியில் எப்போதாவது பற்றவைப்பு தேவைப்பட்டாலும், டேங்கைக் கழற்றி வண்டியை விட்டு வெகுதூரம் எடுத்துச் சென்ற பின்னரே செய்ய அனுமதியுங்கள். பெட்ரோலை வடித்துவிட்டோம், டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆவி நிறைந்த வெற்று டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. சொந்தப் பயன்பாட்டு வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1986இல் பதிவான வண்டிக்கு 2001, 2006 என்று இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் வண்டியை அதிகாரி பார்ப்பார் என்பதால், கழற்றிவிட்டால் சுவடு தெரியாத பெட்டியே உங்களுக்கு நல்லது. எண் பலகையையோ விளக்குகளையோ மறைக்கும் பெட்டி வேண்டவே வேண்டாம்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கான பதிவு விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, உடற்கூடு, சேஸிஸ், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாமல் முதல் நிலையிலேயே பராமரிக்கப்படும் வண்டிகளே அந்தத் தகுதியைப் பெறும். அவற்றை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது என்ற வரம்பும் உண்டு. 1972இல் அறிமுகமான சேத்தக்கின் தொடக்க கால வண்டிகள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. உங்கள் வண்டி 2036இல் எட்டும். நீங்கள் அந்தப் பதிவை விரும்புவீர்களோ இல்லையோ, விரும்பினால் பெறக்கூடிய நிலையில் வண்டி இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆகவே ஒரு துளைகூடப் போடாமல் செய்ய முயலுங்கள். லெக் ஷீல்டின் இரு ஓரங்களையும் கவ்விக்கொள்ளும், உள்ளே ரப்பர் ஒட்டிய கொக்கித் தகடுகளை மேற்பகுதியில் வைக்கலாம். கீழ்ப்பகுதியில், ஃபுட்போர்டு ரப்பர்ப் பட்டைகளைப் பிடித்திருக்கும் பழைய திருகுகளையே சற்று நீளமான திருகுகளாக மாற்றி, அவற்றோடு பெட்டியின் காலை இணைக்கலாம்.

சென்னைக்கு வரும் வாய்ப்பு இருந்தால், ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகளிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அந்தக் காலத்தில் சேத்தக்குக்கென்றே செய்து விற்ற முன்பக்க டிக்கிகள் அவ்வப்போது கண்ணில் படும். எல்எம்எல் வெஸ்பாவின் முன்பெட்டியைச் சிலர் பொருந்தும் என்று சொல்லி விற்பார்கள். அதன் லெக் ஷீல்டு வளைவும் நடுத்தண்டை ஒட்டிய வெட்டும் வேறானவை என்பதால் அதை வாங்காதீர்கள்.

குடந்தை ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பின்புறக் கேரியரையும் ஸ்டெப்னி யோசனையையும் விட்டுவிட்டேன். 2036 என்ற கணக்கைத் தந்தையாரிடம் சொன்னபோது, அவர் பதிவுச் சான்றை எடுத்து வந்து தேதியைச் சரிபார்த்தார். இனித் துளை என்ற பேச்சே எடுக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சென்னைக்குச் செல்லும் வாய்ப்பு இப்போது இல்லை. எங்கள் ஊரிலேயே தகட்டு வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார். சரியான அளவையும் முறையையும் சொன்னால் செய்து தருவார். எனவே கேட்கிறேன்: பெட்டியை இரும்புத் தகட்டில் செய்வதா, ஃபைபரில் செய்வதா? எவ்வளவு ஆழம் இருக்கலாம்? மழைநீர் புகாமல் மூடியை எப்படி அமைப்பது? நான் புடவை உடுத்தி ஓட்டுபவள் என்பதால், பெட்டியின் ஓரங்களிலும் பூட்டிலும் துணி சிக்காமல் இருக்க வேண்டும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

தகட்டு வேலைக்காரர் எழுதியது:

கோவையில் தகட்டுப் பட்டறை வைத்திருக்கிறேன். அளவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வேலை பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது.

கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி, நீங்கள் நினைக்கும் வடிவத்தில் மாதிரி செய்து, லெக் ஷீல்டின் உட்புறத்தில் நாடாவால் ஒட்டுங்கள். பிறகு வண்டியில் உட்கார்ந்து, கைப்பிடியை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். கிளட்ச்சை அழுத்தி, இடக்கைப் பிடியை முதல் கியரிலிருந்து நான்காம் கியர் வரை சுழற்றுங்கள். கை முட்டியோ லீவரோ அட்டையைத் தொட்டால் அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். வலக்காலைப் பிரேக் மிதியின்மேல் வைத்து முழுவதும் அழுத்துங்கள். முழங்கால் இடித்தால் ஆழத்தைக் குறையுங்கள். புடவையோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள், ஏனென்றால் முழங்கால்கள் சேர்ந்திருக்கும் நிலையில் இடைவெளி குறையும். பெரும்பாலானவர்களுக்கு 14, 15 செ.மீ. ஆழமே எல்லையாக அமைகிறது. அட்டை மாதிரியில் எல்லாம் சரியாக வந்தபின் அதையே பட்டறைக்காரரிடம் கொடுங்கள். எழுதித் தரும் அளவைவிட அது நம்பகமானது.

சேத்தக்கில் இன்னொரு தடை உண்டு. கைப்பிடிப் பூட்டு, லெக் ஷீல்டின் பின்புறம் நடுத்தண்டில் இருக்கிறது. சாவி போட்டுத் திருப்ப விரல் நுழையும் அளவுக்குப் பெட்டியின் நடுவில் வெட்டு விட வேண்டும். ஒரே பெரிய பெட்டியாகச் செய்வதைவிட, நடுத்தண்டின் இரு பக்கமும் இரண்டு அறைகளாகப் பிரித்து, மேலே ஒரே மூடி வைப்பது இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்க்கும். இட அறையைச் சற்றுப் பெரிதாகவும் வல அறையைச் சிறிதாகவும் வைத்தால், மெக்கானிக் ஐயா சொன்ன எடைக் கணக்கும் சரியாகும், பிரேக் காலுக்கும் இடம் கிடைக்கும்.

பொருளைப் பற்றி: இரும்பில் செய்தால் 22 கேஜ் தகடு போதும், அது 0.7 மி.மீ. தடிமன் இருக்கும். 20 கேஜ் 0.9 மி.மீ. வரும், வலுவானதுதான், ஆனால் வீண் எடை. துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டைத் தேர்ந்தெடுத்தால் பற்றவைக்காமல் மடித்து ரிவிட் அடிக்கச் சொல்லுங்கள். துத்தநாகப் பூச்சு எரியும் புகை பற்றவைப்பவரின் உடலுக்குக் கேடு, எரிந்த இடத்தில் துருவும் முதலில் பிடிக்கும். எல்லா ஓரங்களையும் உள்நோக்கி மடித்துத் தட்ட வேண்டும். வெட்டிய ஓரம் வெளியே தெரிந்தால் அது கத்திக்குச் சமம். புடவைக்கு மட்டுமல்ல, முழங்காலுக்கும்.

ஆயினும் உங்கள் நிலையில் நான் ஃபைபரையே தேர்ந்தெடுப்பேன். லெக் ஷீல்டு தட்டையானது அல்ல. இரு திசையிலும் மெல்ல வளைந்திருக்கிறது. தகட்டில் அந்த வளைவைக் கொண்டுவர நல்ல கைத்திறன் வேண்டும். ஃபைபரில் லெக் ஷீல்டையே அச்சாகப் பயன்படுத்தலாம். அதன் உட்புறத்தை பெயிண்ட் அடிப்பவர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பாலும் தடித்த பாலித்தீன் தாளாலும் முழுவதும் மூடி, அதன்மேல் மெழுகு பூசி, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பை இரண்டு அடுக்காக ரெசினில் நனைத்துப் படியவிட்டால், பெட்டியின் முதுகுப்புறம் வண்டியோடு இம்மி பிசகாமல் ஒட்டி உட்காரும். முதுகு ஒட்டி உட்கார்ந்தால் பெட்டி ஆடாது. ஆடாவிட்டால் பெயிண்ட் தேயாது. முன்புறத்தையும் பக்கங்களையும் தனியாக வார்த்து முதுகோடு இணைத்துக்கொள்ளலாம். இந்த வேலையில் ஒரே ஒரு கடுமையான எச்சரிக்கை: ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் திரவத்தையும், அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது; தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன்பிறகே ஹார்டனரை ஊற்ற வேண்டும். காற்றோட்டமான வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யச் சொல்லுங்கள்.

மழையைப் பொறுத்தவரை, மூடியை மேற்புறத்தில் வைத்து, அதன் விளிம்பு பெட்டியின் வாயைத் தாண்டி ஒன்றரை செ.மீ. கீழே இறங்கும்படி செய்ய வேண்டும். பெட்டியின் வாயைச் சுற்றிக் கார் கதவுகளுக்குப் போடும் ரப்பர் பீடிங்கை ஒட்டுங்கள். கீல், லெக் ஷீல்டுப் பக்கம் இருந்தால் மூடி உங்களுக்கு எதிரே மேல்நோக்கித் திறக்கும். எவ்வளவு செய்தாலும் சிறிது நீர் உள்ளே போகும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறையின் தாழ்ந்த மூலையிலும் 5 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். துளையை நேரே கீழ்நோக்கி வைக்காமல் பின்னோக்கி வைத்தால் முன்சக்கரச் சேறு ஏறாது. அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் பாத்திரம் தடதடக்காது. பூட்டுக்கு மேசை அறைகளில் போடும் சிறிய கேம் பூட்டு போதும். அதைப் பெட்டியின் பரப்போடு சமமாகப் பதித்துவிட்டால் துணி சிக்க இடமே இல்லை.

இனி, புதுப்பேட்டை நண்பரோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். துளையே போடக் கூடாது என்று ஓரங்களைக் கவ்வும் கொக்கிகளை மட்டும் நம்பினால், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் அதிர்வில் அவை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ரப்பருக்கும் பெயிண்டுக்கும் நடுவே மணலும் ஈரமும் புகுந்துவிட்டால், அந்த இடம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததைப் போல இரும்பு தெரியுமளவுக்குத் தேய்ந்துவிடும். முறையாகப் போட்ட இரண்டு துளைகள் அதைவிடக் குறைவான கேடு. ஆறு மி.மீ. போல்ட்டுக்கு ஆறரை மி.மீ. துளை, துளையின் விளிம்பில் வெறும் இரும்பு தெரியாதபடி இரண்டு முறை ரெட் ஆக்சைடு பிரைமர், அதில் ரப்பர் வளையம், லெக் ஷீல்டின் மறுபுறத்தில் சுமையைப் பரப்பும் நான்கு செ.மீ. தட்டு, நைலான் உள்ள நட்டு. இவ்வளவும் செய்தால் அந்த இடம் துருப்பிடிக்காது, வெடிக்கவும் செய்யாது. தந்தையாரிடம் இதையும் சொல்லிப் பார்க்கலாம்.

புதுப்பேட்டை வாசகன் எழுதியது:

கோவை நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. கொக்கிகள் தேய்க்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தேய்ந்த பெயிண்டை மீண்டும் பூசிவிடலாம், வெட்டிய தகட்டை மீண்டும் பழைய தகடாக்க முடியாது என்பதால் நான் என் நிலையிலேயே நிற்கிறேன். இருவர் கருத்துக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. லெக் ஷீல்டின் முன்புறத்தில் நடுவில் இருக்கும் ஹார்ன் மூடியைக் கழற்றினால், அதைப் பிடித்திருக்கும் துளைகளும் அதன் அடியில் மறைந்திருக்கும் இடமும் தெரியும். பெட்டியின் மேற்பகுதியை அங்கிருந்து இழுத்துப் பிடிக்கும் ஒரு சிறிய தட்டை வைக்க முடிகிறதா என்று உங்கள் ஊர்க் கைவினைஞரோடு பாருங்கள். ஃபைபர் முதுகு வளைவோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டால், மேலே அந்த ஒரு பிடிப்பும் கீழே ஃபுட்போர்டுத் திருகுகளும் முன்பெட்டியில் வரக்கூடிய மூன்று கிலோ எடைக்குப் போதுமானவை. கொக்கித் தகடுகள் தேவைப்பட்டாலும் அவை துணைப் பிடிப்பாகவே இருக்கும். அசைவு மிகக் குறையும்.

கொக்கி தொடும் இடங்களில், கார் பெயிண்டைக் காக்க ஒட்டும் தடித்த ஒளிபுகும் படலத்தை முதலில் ஒட்டிவிட்டு அதன்மேல் ரப்பரை வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் பெட்டியைக் கழற்றி, பின்னால் சேர்ந்த மண்ணைக் கழுவி, மெழுகு பூசி மீண்டும் மாட்டுங்கள். அதைச் செய்ய மனமில்லாதவர்களுக்குக் கோவை நண்பரின் துளை முறையே மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மதுரை மெக்கானிக் எழுதியது:

துளை போடுவது என்று முடிவானால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கைப்பிடியிலிருந்து இறங்கும் கியர், கிளட்ச் கேபிள்களும் ஒயர்களும் உடற்கட்டின் உள்ளே நடுப்பகுதி வழியாகத்தான் பின்னால் செல்கின்றன. நடுத்தண்டிலும் ஃபுட்போர்டின் நடு மேட்டிலும் துரப்பணத்தை வைக்கவே கூடாது. லெக் ஷீல்டின் விரிந்த பகுதியில் மட்டும், மறுபுறம் என்ன இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். ஹார்ன் மூடியின் அடியில் தட்டு வைத்தாலும், ஹார்ன் ஒயர் அதில் நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முன்பெட்டியில் மழைக்கோட்டு, உணவு, கைப்பை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் புட்டியை வைப்பதாக இருந்தால் இட அறையில் வையுங்கள். 2டி ஆயில் புட்டியை அங்கே கொண்டுவர வேண்டாம். அது எப்படியும் கசியும், பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அருகில் ஆயில் கூடாது. இப்போதுள்ள இடப்புறப் பெட்டியிலேயே நிமிர்ந்து நிற்கட்டும். பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள்களைப் பெட்டியில் வைத்து நனைக்க வேண்டிய தேவையும் இப்போது இல்லை. அரசின் மின்ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் காட்டினால் ஏற்கிறார்கள்.

நோட்டுகளுக்கான ஃபுட்போர்டுப் பெட்டியை 20 செ.மீ. உயரத்துக்கு மேல் போகவிடாதீர்கள். நடு மேட்டில் உட்காரும்படி அடியில் பள்ளம் வைத்து, ஒரு பட்டையைச் சீட்டுக் கொக்கியிலும் மற்றொன்றை முன்பெட்டியின் காலிலும் மாட்டி இறுக்கினால் நகராது. இடக்கால் வைக்க இடம் விட்டு, வலப்பக்கம் பிரேக் மிதியிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது வலக்கால் தாராளமாக இறங்கி ஏறுகிறதா என்பதையும் பாருங்கள்.

குடந்தை ஆசிரியை எழுதியது:

அட்டை மாதிரி செய்து பார்த்தோம். ஆழம் 13 செ.மீ. வரைதான் எனக்கு வசதியாக இருக்கிறது. இட அறையில் உணவுப் பாத்திரமும் தண்ணீர்ப் புட்டியும், வல அறையில் மடித்த மழைக்கோட்டும் அடங்கிவிடுகின்றன. கைப்பிடியை இடப்பக்கம் முழுவதும் திருப்பும்போது கிளட்ச் லீவரின் நுனி மூடியின் மூலையைத் தொட்டது. அந்த மூலையைச் சரிவாக வெட்டியதும் சரியாகிவிட்டது. தந்தையாருக்கு ஹார்ன் மூடி வழி பிடித்திருக்கிறது. ஃபைபரில், துளையில்லாமல் செய்வது என்று முடிவு செய்திருக்கிறோம். ஃபுட்போர்டுப் பெட்டியை 22 கேஜ் தகட்டில் மடித்து ரிவிட் அடித்துத் தருவதாக எங்கள் ஊர்க்காரர் ஒப்புக்கொண்டார். ஒரே ஓர் ஐயம்: ஃபைபர்ப் பெட்டிக்கு வண்டியின் நிறத்தையே பூசலாமா, நிறம் ஒட்டுமா?

தகட்டு வேலைக்காரர் எழுதியது:

தாராளமாகப் பூசலாம். வார்ப்பு முடிந்ததும் ஒரு வாரம் வெயில்படும் இடத்தில் வைத்து முழுவதும் இறுகவிடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்து அச்சு மெழுகைப் போக்கி, நீரில் நனைத்துத் தேய்க்கும் 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமரை ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் வண்டியின் நிறத்தை அடிக்கலாம். மெழுகு மிச்சமிருந்தால் நிறம் உரியும். முதல் வாரம் ஓட்டிய பின் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிடிப்புகளில் உள்ள ரப்பர் அமுங்கி இடம் கொடுத்திருக்கும்.